அம்மாவுக்கு ஒரு இலட்சத்துக்குள் போன்: பாவித்த ஐபோனா, புது சாம்சங்கா, ரெட்மியா?

மரைன்டிரைவ்_மகள்:
அம்மாவின் போன் போன வாரத்தோடு முடிந்துவிட்டது. 2021இல் வாங்கியது, பிராண்டின் பெயர் வேண்டாம். திரையின் நடுவே ஒரு பச்சைக் கோடு வந்தது, இரண்டு நாளில் அது மூன்றாகிவிட்டது. திரை மாற்றக் கடையில் கேட்ட காசு புதுப் போன் விலையில் பாதி.

அம்மாவின் தேவை பெரிதில்லை. இலண்டனில் இருக்கும் அண்ணாவோடு தினமும் ஒரு மணி நேரம் வாட்ஸ்அப் வீடியோ, வங்கி ஆப், பேரப்பிள்ளைகளின் படங்கள். ஆனால் ஐந்து வருடமாவது போகவேண்டும். 2022இல் டொலர் 200 ரூபாவிலிருந்து 360க்குப் பாய்ந்தபோது போன் விலையும் கூடவே பாய்ந்தது. 2024 ஜனவரியிலிருந்து 18 வீத வற் வரியும் சேர்ந்துகொண்டது. அடிக்கடி மாற்ற இனி எங்களால் முடியாது. வீடு வெள்ளவத்தையில், கடலுக்குக் கிட்ட. என்ன வாங்கலாம்?

கொட்டாஞ்சேனை_13:
பாவித்த ஐபோன் 11 எடுங்கள் தங்கச்சி. 2019 செப்டெம்பரில் வந்த போன் அது. 2025இல் வந்த ஐஓஎஸ் 26, அதாவது ஆப்பிளின் அந்த வருட மென்பொருள் அப்டேட், அதற்கும் கிடைத்தது. ஆறு வருடம் கழித்தும் முழு அப்டேட் வந்த அன்ட்ராய்ட் போன் ஒன்றை அந்த 2019இலிருந்து காட்டச் சொல்லுங்கள், யாராலும் முடியாது. இந்த விலைக்கு வரும் புது அன்ட்ராய்ட் போன்களின் சிப்பைவிட அதில் இருக்கும் ஏ13 சிப் இன்றைக்கும் வேகமானது. என்னுடையது ஐந்தாவது வருடத்தில் இருக்கிறது, பற்றரி மட்டும் ஒருமுறை மாற்றினேன்.

தெஹிவளை_கணக்கு:
அண்ணா, நீங்கள் சொல்வது கடந்து போன ஆறு வருடம். இவர் கேட்பது வரப்போகும் ஐந்து வருடம். 2018இல் வந்த ஐபோன் எக்ஸ்ஆருக்கு ஐஓஎஸ் 26 கிடைக்கவில்லை. அடுத்த வரிசையில் நிற்பது 11தான். இன்றைக்கு அதை வாங்கினால் அம்மாவின் கையில் இருக்கப்போவது வாலின் கடைசித் துண்டு.

சாம்சங் 2024 கடைசியில் கலக்ஸி ஏ16ஐ விட்டபோது ஆறு தலைமுறை அன்ட்ராய்டும் ஆறு வருடப் பாதுகாப்பு அப்டேட்டும் தருவதாக அறிவித்தது. அவ்வளவு மலிவான போனுக்கு அவ்வளவு வருடம் முன்பு கேள்விப்பட்டதே இல்லை. அறுபதாயிரம் ரூபா என்று வைத்து ஆறால் பிரித்துப் பாருங்கள், வருடத்துக்குப் பத்தாயிரம். கொம்பனி வாரன்டியும் இருக்கும். பாவித்த போனுக்குக் கடைக்காரர் எழுதித் தரும் துண்டு, அந்தக் கடை இருக்கும் வரைக்கும்தான்.

கொட்டாஞ்சேனை_13:
அப்டேட் வரும், சரி. நான்காம் வருடம் அந்தச் சிப் அதைத் தாங்குமா? வங்கி ஆப் திறக்க அம்மா அரை நிமிடம் காத்திருந்தால், ‘மகள், இது பழுதாப் போச்சு’ என்றுதான் சொல்வார். காகிதத்தில் ஆறு வருடம், கையில் மூன்று வருடம். அந்தக் கணக்கையும் போட்டுப் பாருங்கள் தம்பி.

புறக்கோட்டை_நடை:
இரண்டு பேரும் ரெட்மியை மறந்துவிட்டீர்களே. நான் 2021இல் முதலாம் குறுக்குத் தெருவில் வாங்கிய நோட் 10 இன்றைக்கும் என் கையில் இருக்கிறது. 5000 எம்ஏஎச் பற்றரி, 33 வோட் சார்ஜர் பெட்டியோடே வந்தது. இரண்டு முறை கீழே விழுந்து திரை போனது, இரண்டு தரமும் அதே தெருவில் ஒரு மணி நேரத்தில் மாற்றினேன். உதிரிப்பாகம் எங்கேயும் கிடைக்கும் என்பதும் நீண்ட ஆயுள்தான். மெனுவில் விளம்பரம் வரும், அது உண்மை. செட்டிங்ஸில் ஒரு தரம் உட்கார்ந்து நிறுத்திக் கொடுத்தால் போதும்.

தெஹிவளை_கணக்கு:
வன்பொருளில் குறை சொல்லமாட்டேன். ஆனால் அப்டேட் நின்றபின் அதில் வங்கி ஆப் வைத்திருக்க உங்களுக்குப் பயமில்லையா? எனக்குப் பயம். அம்மாவின் ஓய்வூதியம் அந்தக் கணக்கில்தான் வருகிறது என்றால் இன்னும் பயம்.

மரைன்டிரைவ்_மகள்:
அங்கேதான் வருகிறது. நல்ல கேள்வி கேட்டீர்கள். கூகுள் பிக்சல் 8இலிருந்து ஏழு வருடம் அப்டேட் என்கிறார்களே, பாவித்தது ஒன்று பார்க்கலாமா?

திருத்துமேசை:
பிக்சலை விடுங்கள். கூகுள் அதை இங்கே நேரடியாக விற்பதில்லை, திரை போனால் வெளிநாட்டிலிருந்து வரவழைக்க வேண்டும்.

பதினொரு வருடமாகப் போன் திருத்துகிறேன். பிராண்டைப் பற்றிப் பேசும் எல்லோரும் வெள்ளவத்தையை மறந்துவிட்டார்கள். கடற்கரைப் பக்கம் இருந்து வரும் போனின் சார்ஜ் துளையைக் கண்ணாடி வைத்துப் பார்ப்பேன். உப்புக் காற்றால், பித்தளை விளக்கில் பிடிப்பதுபோல் ஊசிமுனைகளில் பச்சை படிந்திருக்கும், அதன்மேல் சேலைப் பஞ்சு. ‘சார்ஜ் ஏறவில்லை, பற்றரி போய்விட்டது’ என்று கொண்டுவருவார்கள். பற்றரியில் ஒன்றும் இருக்காது. ஈரக் கையோடு சார்ஜ் வயரைச் செருகாமல் இருந்தாலே பாதிப் போன் என் மேசைக்கு வராது. எந்தப் பிராண்டானாலும் இதுதான்.

தண்ணீர், தூசிக் காப்பு என்று ஐபி67, 68 பெட்டியில் போட்டிருப்பது புதுப் போனுக்கு. உள்ளே இருப்பது பசை. பசை காயும். திரையை ஒருதரம் கழற்றிப் பூட்டினால் அந்தக் காப்பை நம்பக்கூடாது. பாவித்த போன் வாங்குபவர்களுக்கு இதை ஒருவரும் சொல்வதில்லை.

பற்றரிக்கு வருவோம். ஐபோன் 14 வரைக்கும் உள்ளவற்றுக்கு 500 முழுச் சார்ஜ் சுற்றில் பற்றரியின் கொள்ளளவில் 80 வீதம் மிஞ்சும் என்பதுதான் ஆப்பிளே சொன்ன கணக்கு. 15இலிருந்துதான் 1000. தினமும் ஒரு மணி நேர வீடியோ என்றால் இரண்டு வருடத்தில் 500 தாண்டிவிடும். ஆகவே 11 எடுத்தால் பற்றரி மாற்றும் காசையும் விலையோடு சேருங்கள். வேறு பற்றரி போட்டால் போன் அதைக் கண்டுபிடித்து எச்சரிக்கை காட்டும். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் 20 முதல் 800 சுற்றுக்குப் பிறகும் 80 வீதம் இருக்கவேண்டும், உதிரிப்பாகமும் ஏழு வருடம் கிடைக்கவேண்டும் என்று சட்டம். இங்கே அது செல்லாது, நாங்கள்தான் பார்த்து வாங்கவேண்டும்.

என் அம்மாவாக இருந்தால் புதுச் சாம்சங்தான். ஆனால் ரம், அதாவது ஆப்கள் ஓடும் நினைவகம், குறைந்ததை எடுக்காதீர்கள், 8 ஜிபி கிடைத்தால் அதையே எடுங்கள். மெதுவாகும் என்று கொட்டாஞ்சேனை அண்ணர் பயப்படுவது நியாயமான பயம்.

கொட்டாஞ்சேனை_13:
அண்ணர் சொன்ன உப்புக் கணக்கை ஏற்றுக்கொள்கிறேன். ஐபோனை விட்டுக்கொடுக்க மாட்டேன். 11 வேண்டாம் என்றால் காசு கொஞ்சம் கூட்டி 13 பாருங்கள், 2021இல் வந்தது. செட்டிங்ஸில் ‘அபவுட்’ திறந்தால் திரையும் பற்றரியும் மாற்றியதா, அசலா என்று அதுவே சொல்லும். கடைக்காரரின் வாயை நம்பத் தேவையில்லை.

மரைன்டிரைவ்_மகள்:
13 எங்கள் கைக்கு எட்டாது அண்ணா. ஏ16, 8 ஜிபி என்று முடிவெடுத்துவிட்டேன். சனிக்கிழமை அம்மாவையும் கூட்டிக்கொண்டு லிபர்ட்டி பிளாசா போகிறேன். எழுத்தைப் பெரிதாக்கிக் கையில் கொடுத்துப் பார்க்கவேண்டும், பாரம் அவருக்குத் தோதா என்று.

புறக்கோட்டை_நடை:
காசு கொடுக்க முன்னம் *#06# அடித்து ஐஎம்இஐ என்ற போனின் அடையாள இலக்கத்தை எடுத்து, பதிவு உண்டா என்று பார்க்க 1909க்கு எஸ்எம்எஸ் போடுங்கள். ஐஎம்இஐ என்று எழுதி இடைவெளி விட்டு 15 இலக்கம். பதிவில்லாத போன்களுக்கு இனி இணைப்பு இல்லை என்று 2025 ஜனவரியில் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு அறிவித்தது. பதில் வரும் வரைக்கும் கடையை விட்டு வெளியே வராதீர்கள்.