பொருள்: பிரீஸ்-சொலேய் – 'வெயில்தட்டி' என்று வைக்கலாமா?

அனைவருக்கும் வணக்கம். பிரீஸ்-சொலேய், அதாவது முகப்புக்கு வெளியே வெயிலை மறிக்கும் பலகங்களின் சட்டகம், இதற்குத் தமிழ்ச் சொல் தேடுகிறோம். வந்த மூன்று கேள்விகளுக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

> கொத்தனார் முதல் எஞ்சினியர் வரை 'சன்ஷேடு' என்கிறோம். புதுச்சொல் எதற்கு?

சன்ஷேடு ஜன்னல் தலைக்குமேல் நீட்டிய ஒற்றைப் பலகம். பிரீஸ்-சொலேய் முகப்பு முழுவதற்கும் முன்னால் நிற்கும் சட்டகம். ரியோ டி ஜெனீரோவின் கல்வி, சுகாதார அமைச்சகக் கட்டடத்தை எடுத்துக்கொள்ளுங்கள் (இன்றைய பெயர் கபனேமா மாளிகை). 1936-இல் கட்டடக் கலைஞர் லூசியோ கோஸ்டா தலைமையில் வடிவமைப்பு தொடங்கியது. குழுவில் ஆஸ்கார் நீமாயர் இருந்தார், ஆலோசகராகப் பாரிஸிலிருந்து கட்டடக் கலைஞர் லெ கொர்பூசியே வந்துபோனார். 1945-இல் திறப்பு. அதன் வடமுகப்பில் செங்குத்தான கான்கிரீட் பலகங்கள் அசையாமல் நிற்கின்றன; அவற்றுக்கு இடையே கிடையாகக் கல்நார்-சிமென்ட் பலகைகள். வெயில் ஏற இறங்க, அறைக்குள் இருந்தே அவற்றைத் திருப்பலாம். இதைப் போய் சன்ஷேடு என்றால் பாதிக் கட்டடம் காணாமல் போகும்.

வடமுகப்பு என்பதைக் கவனியுங்கள். ரியோ தென்கோளத்தில் இருப்பதால் ஆண்டின் பெரும்பகுதி வெயில் வடக்கிலிருந்து வரும். தென்முகப்பு வெறும் கண்ணாடிதான். ஆகவே இந்தச் சொல்லுக்கான நம் வரைவுக் குறிப்பில் உள்ள 'தெற்குச் சுவரில் அமையும்' என்ற சொற்களை எடுத்துவிட வேண்டும்.

> சூரியத்தடுப்பான்? கதிருடைப்பி?

பிரீஸ்-சொலேய் என்ற பிரெஞ்சுச் சொல்லிலும் அதற்கான போர்த்துகீசிய 'கெப்ரா-சோல்' என்பதிலும் 'உடைத்தல்' இருக்கிறது, உண்மை. ஆனால் கதிருடைப்பி என்றால் எனக்கு ஆய்வகக் கருவிதான் நினைவுக்கு வருகிறது. தடுப்பானும் சரியில்லை. நேர்வெயில் மட்டும்தான் வெளியே நிற்கிறது. வெளிச்சமும் காற்றும் உள்ளே வரவேண்டும் என்பதற்காகவே இவ்வளவு பாடு. பாரிஸில் லெ கொர்பூசியே 1933-இல் கட்டிமுடித்த அடைக்கல இல்லத்தில் திறக்க முடியாத கண்ணாடி முகப்பு வைத்தார், குளிரூட்டும் வசதி இல்லை. கோடையில் உள்ளே இருந்தவர்கள் வெந்துபோனார்கள். போருக்குப் பிறகு அங்கேயும் பிரீஸ்-சொலேய் பொருத்த வேண்டியதாயிற்று.

> 'காலதர்' மாதிரி 'கதிரதர்'?

அழகான சொல், ஆனால் பொருள் தலைகீழ். அதர் என்றால் வழி. காற்று வரும் வழி காலதர். இங்கே கதிரின் வழியை அல்லவா மறிக்கிறோம்?

என் பரிந்துரை வெயில்தட்டி. வாசலிலும் தாழ்வாரத்திலும் வெயிலுக்குத் தட்டி கட்டுவது நமக்குத் தெரிந்ததுதான். இடுக்கு வழியே வெளிச்சமும் காற்றும் வரும். உட்பிரிவுகளும் எளிதில் அமையும்: கிடைத்தட்டி (உச்சி வெயிலுக்கு), செங்குத்துத் தட்டி (கிழக்கு, மேற்குச் சாய்வெயிலுக்கு), திருப்புதட்டி (ரியோவில் உள்ளது போல). 'நிலைத்தட்டி' வேண்டாம், செங்குத்தா, அசையாததா என்ற குழப்பம் வரும், போதாததற்குக் கதவுநிலை வேறு இருக்கிறது.

———

மறுமொழி:

ஐயா, கிடைத்தட்டி, திருப்புதட்டி இரண்டும் நன்று. ஆனால் தட்டி என்றதும் மூங்கிலும் தேர்தல் விளம்பரமும்தான் கண்ணில் நிற்கின்றன. சண்டிகர் உயர்நீதிமன்ற முகப்பில் இருப்பது கட்டடத்தோடு சேர்த்து வார்த்த கனத்த கான்கிரீட். அதைத் தட்டி என்றால் மாணவர்கள் சிரிக்கமாட்டார்களா?

———

மறுமொழி:

சிரிக்கட்டும் அம்மா, அடுத்த பாடவேளைக்குள் பழகிவிடும். தட்டி என்பது மறைக்கிற வேலையின் பெயர், மூங்கிலின் பெயரல்ல. வேண்டுமானால் சண்டிகர் வகைக்கு 'வார்ப்பு வெயில்தட்டி' என்று அடைமொழி சேர்ப்போம். வேறு மறுப்பு இல்லையென்றால் பதிவு இப்படி:

வெயில்தட்டி: நேர்வெயில் படாமல், வெளிச்சமும் காற்றும் புக விட்டு, முகப்புக்கு வெளியே அமைக்கும் பலகங்களின் தொகுதி, அசையாததாகவோ திருப்பக்கூடியதாகவோ இருக்கலாம்.

அதே ரியோ கட்டடத்தைத் தரையிலிருந்து தூக்கி நிறுத்தும் உயரமான தூண்வரிசைக்கு, அதாவது பிலோத்திக்கு, 'தூண்தளம்' என்று ஒருவர் எழுதியிருந்தார். தளம் அங்கே இல்லவே இல்லை, வெறும் நடைவெளிதான். அதைத் தனி இழையில் தொடங்குங்கள்.