ஸாசுலிச் கடிதம்: மார்க்ஸ் கருத்தை மாற்றிக்கொண்டாரா?

கரிசல்:
தொழிலில் முன்னேறிய நாடு, பின்தங்கிய நாட்டுக்கு அதன் எதிர்காலத்தைக் காட்டுகிறது என்று 'மூலதனம்' 1867 முன்னுரை சொல்கிறது. 1881இல் ரஷ்யப் புரட்சியாளர் வேரா ஸாசுலிச்சுக்கு எழுதும்போதோ, நிலத்தைப் பொதுவில் வைத்திருந்த ரஷ்யக் கிராமக் கம்யூன் சமூக மறுமலர்ச்சிக்கு ஆதாரமாகலாம் என்கிறார் மார்க்ஸ். இரண்டும் எப்படிப் பொருந்தும்? எதைப் படிக்கலாம், தோழர்களே?

ஏட்டுச்சுவடி:
மார்ச் 8 தேதியிட்ட கடிதம் மிகச் சிறியது. விஷயமெல்லாம் அதற்காக மார்க்ஸ் எழுதிப் பார்த்த வரைவுகளில்தான் இருக்கிறது. மார்க்ஸ்–ஏங்கல்ஸ் ஆங்கிலத் தொகுப்பு நூல்களில் 24ஆம் தொகுதியில் கிடைக்கும். கம்யூனின் இரட்டைத்தன்மையை விளக்கும் பகுதியை நிதானமாகப் படியுங்கள். வீடும் முற்றமும் குடும்பத்துக்குச் சொந்தம். விளைநிலம் பொது, அவ்வப்போது மறுபங்கீடு நடக்கும். ஆனால் விளைச்சல் உழுதவருக்கே. இதில் எந்தப் பக்கம் வெல்லும் என்பது சூழலைப் பொறுத்தது என்கிறார். அரசின் வரியும் வட்டிக்காரரும் வியாபாரியும் கம்யூனை நசுக்குவதை விரிவாகவே எழுதுகிறார். ஆகவே அது தானாகப் பிழைத்துவிடும் என்று அவர் சொன்னதாக மேற்கோள் காட்டுவது தவறு.

வரைவுகளை அச்சிட்ட வரிசையை அப்படியே நம்ப வேண்டாம். 'இரண்டாவது' எனப்படுவதே முதலில் எழுதப்பட்டது என்பது ஜப்பானிய வரலாற்றாசிரியர் ஹருகி வாடா போன்றோரின் வாதம்.

நாவற்பழம்:
சமூகவியலாளர் தியோடர் ஷானின் 1983இல் தொகுத்த நூல், பிற்கால மார்க்ஸ் வேறு பாதைக்குத் திரும்பிவிட்டார் என்ற எண்ணத்தைப் பரப்பியது. எனக்கு அது மிகையாகவே படுகிறது. நிலப்பறிப்பு பற்றிய தன் விளக்கம் மேற்கு ஐரோப்பாவுக்கே உரியது என்று 'மூலதனம்' நூலின் 1872–75 பிரெஞ்சுப் பதிப்பிலேயே மார்க்ஸ் வரம்பு கட்டிவிட்டார். ஸாசுலிச்சுக்கும் அந்த வரியைத்தான் எடுத்துக்காட்டுகிறார். 1882இல் ஏங்கல்சோடு சேர்ந்து எழுதிய 'கம்யூனிஸ்ட் அறிக்கை'யின் ரஷ்யப் பதிப்பு முன்னுரையில் ஒரு நிபந்தனையும் வருகிறது: ரஷ்யப் புரட்சி மேற்கின் பாட்டாளி வர்க்கப் புரட்சிக்கு அறிகுறியாகி, இரண்டும் ஒன்றையொன்று நிறைவு செய்ய வேண்டும். இதை விட்டுவிட்டுப் படித்தால் மார்க்ஸ் நரோத்னிக் (கிராமக் கம்யூன் வழியே நேராகச் சோசலிசத்துக்குப் போகலாம் என்ற ரஷ்யப் போக்கினர்) ஆகிவிடுவார்.

கரிசல்:
அப்படியானால் லெனின் 1899இல் 'ரஷ்யாவில் முதலாளித்துவ வளர்ச்சி' எழுதியபோது இந்தக் கடிதத்தை ஒதுக்கிவிட்டாரா?

ஏட்டுச்சுவடி:
இல்லை. கடிதமும் வரைவுகளும் 1924இல்தான் மார்க்சிய ஆய்வாளர் ரியாசனோவ் முயற்சியால் அச்சேறின. நரோத்னிக் எழுத்தாளர் மிகைலோவ்ஸ்கிக்குப் பதிலாக மார்க்ஸ் 1877இல் எழுதி அனுப்பாமல் வைத்திருந்த கடிதம் மட்டும் 1880களிலேயே வெளிவந்துவிட்டது. லெனினின் வாதத்தை அதோடும் 1882 முன்னுரையோடும் ஒப்பிட்டுப் பாருங்கள்.