மோரிஸ் மைனர் 1000: முதல் மிதியில் பெடல் கீழே போகிறது, இரண்டாவதில் கெட்டியாகிறது

உட்லண்ட்ஸ்_மைனர்:
அண்ணன்மாருக்கு வணக்கம். என் மோரிஸ் மைனர் கார் 1965 மாடல், 1098 சிசி. சிங்கப்பூரின் கிளாசிக் (பழங்கால வண்டி) திட்டத்தில் பதிவு செய்ததால் ஆண்டுக்கு 45 நாள்தான் ரோட்டில் ஓடும், மற்ற நாளெல்லாம் உறை போர்த்திக்கொண்டு தூங்கும். போன மாதம் எடுத்தபோது இடது முன் சக்கரத்தின் உள்பக்கம் பிரேக் ஆயில் வழிந்திருந்தது. புளோக் கார் பார்க்கில் சக்கரத்தைக் கழற்றிப்போட்டு உட்கார முடியாதே! காக்கி புக்கிட்டில் நண்பர் தன் வொர்க்‌ஷாப்பில் ஒரு மூலை கொடுத்தார். இடது முன் டிரம்மில் (சக்கரத்தோடு சுற்றும் பிரேக் கூடு) இருக்கும் இரண்டு வீல் சிலிண்டரையும் (ஆயில் அழுத்தத்தில் ஷூவைத் தள்ளுவது) மாற்றினேன், ஷூவும் (டிரம்மில் உரசி வண்டியை நிறுத்தும் கட்டை) புதுசு. நான்கு சக்கரத்திலும் பிரேக் ஆயிலில் இருக்கும் காற்றை எடுத்தாகிவிட்டது. குழாயில் ஒரு குமிழிகூட வரவில்லை. ஆனாலும் முதல் தடவை மிதித்தால் பெடல் ஏறக்குறைய தரையைத் தொடுகிறது. உடனே இன்னொரு மிதி மிதித்தால் மேலேயே கல் மாதிரி நிற்கிறது. வொர்க்‌ஷாப் காம்பவுண்டுக்குள் மெதுவாக ஓட்டிப் பிரேக் போட்டால் வண்டி இடது பக்கம் இழுக்கிறது. பக்கத்துக் கடைக்காரர் மாஸ்டர் சிலிண்டரை (பெடலை மிதித்தால் ஆயிலைச் சக்கரங்களுக்குத் தள்ளுவது) மாற்றச் சொல்கிறார். வாங்கலாமா?

தேக்கா_பழைய_மெக்கானிக்:
தம்பி, பர்ஸை மூடி வை. இரண்டாவது மிதியில் கல் மாதிரி நிற்கிறது என்று நீயே எழுதிவிட்டாய், பாதி பதில் அதிலேயே இருக்கிறது. காற்று இருந்தால் பெடல் பஞ்சு மாதிரி அமுங்கும், கல் ஆகாது. மாஸ்டர் சிலிண்டரின் ரப்பர் போயிருந்தால், காலை அழுத்தியபடி வைத்திருக்கும்போதே பெடல் மெல்ல மெல்ல இறங்கும். உனக்கு இரண்டும் இல்லை. ஷூவுக்கும் டிரம்முக்கும் நடுவில் இடைவெளி அதிகம். முதல் மிதியின் ஆயில் முழுவதும் ஷூவை டிரம் வரை தள்ளுவதிலேயே தீர்ந்துபோகிறது. புது ஷூ மாட்ட அட்ஜஸ்டரை (அந்த இடைவெளியைக் கூட்டிக் குறைக்கும் திருகு) பின்னுக்குத் திருப்பியிருப்பாய், அது அங்கேயே நிற்கிறது.

இந்த வண்டியில் முன் டிரம் ஒவ்வொன்றுக்கும் இரண்டு அட்ஜஸ்டர், பின்னால் ஒன்றொன்று. முன்னால் ஸ்டாண்ட் போட்டு, சக்கரத்தைக் கழற்று. டிரம்மில் ஒரு ஓட்டை இருக்கும். டிரம்மைச் சுற்றி அதை அட்ஜஸ்டருக்கு நேரே கொண்டுவந்து ஸ்க்ரூ டிரைவரை விடு. ஷூ டிரம்மில் முட்டி நிற்கும்வரை வலஞ்சுழியாகத் திருப்பு, அப்புறம் ஒரு கிளிக் பின்னால். அடுத்த ஷூவுக்கும் அதேதான். பின் சக்கரத்தைத் தொடும்போது ஹேண்ட் பிரேக்கை இறக்கியிருக்க வேண்டும், மறக்காதே.

அதற்கு முன் ஒரு சோதனை. ஆறு அட்ஜஸ்டரையும் சக்கரம் சுற்றாத அளவுக்கு இறுக்கிவிட்டுப் பெடலை மிதி. முதல் மிதியிலேயே மேலே கெட்டியாக நின்றால் ஆயில் பக்கம் குறையில்லை. மாஸ்டர் சிலிண்டர் ஓட்டுநர் காலடியில், சேஸிக்குள் ஒளிந்திருக்கிறது. போல்ட்டை உருவ விடாமல் டார்ஷன் பார் (முன் சக்கரத்துக்கு ஸ்பிரிங் வேலை செய்யும் கம்பி) குறுக்கே நிற்கும். சும்மா கழற்றிப் பார்க்கிற சாமான் இல்லை அது.

ஜூரோங்_டட்சன்:
இடது பக்கம் இழுக்கிறதே, அதற்கு வலது ஹோஸ் (சக்கரத்துக்கு ஆயில் போகும் ரப்பர் குழாய்) காரணமாக இருக்குமோ? பழைய ரப்பர் உள்ளே ஊதி அடைத்துக்கொள்ளும். என் டட்சன் 1200-இல் அப்படித்தான் ஆனது.

தேக்கா_பழைய_மெக்கானிக்:
ஆகலாம். ஆனால் அப்படி அடைத்தால் காலை எடுத்த பிறகும் அந்தச் சக்கரம் பிடித்துக்கொண்டே இருக்கும். நிப்பிளை (காற்று எடுக்கத் திறக்கும் திருகு) திறந்ததும் விட்டுவிடும். தம்பி, வலது முன் சக்கரத்தைத் தூக்கி, பெடலை மிதித்து, காலை எடுத்த பிறகு சுற்றிப் பார். தாராளமாகச் சுற்றினால் டிரம்மைக் கழற்று. இடப்பக்கம் இழுத்தால் வலப்பக்கம் சோம்பேறி என்று அர்த்தம். அந்தக் காலத்து லைனிங்கில் (ஷூவின் மேல் உரசும் பட்டை) நுரையீரலைக் கெடுக்கும் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம், ஏர் கன் அடிக்காதே. ஈரத் துணியால் துடை.

உட்லண்ட்ஸ்_மைனர்:
அண்ணே, ஆறையும் இறுக்கிப் பார்த்தேன், முதல் மிதியிலேயே கல்! ஒரு கிளிக் தளர்த்திய பிறகும் பெடல் உயரமாகவே நிற்கிறது. வலது சக்கரம் தாராளமாகச் சுற்றியது, அதனால் டிரம்மைக் கழற்றினேன். மேல் ஷூ பளபளவென்று தேய்ந்திருக்கிறது. கீழ் ஷூவில் லைனிங் அப்படியே, மேலே பழுப்புத் தூசி. கீழ் சிலிண்டரின் பிஸ்டன் விரலால் தள்ளினால் அசையவே இல்லை. ரப்பர் மூடியை விலக்கினால் ஓரமெல்லாம் துரு.

தேக்கா_பழைய_மெக்கானிக்:
அதுதான் ஆள். பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும், நம் ஊரில் ஈரத்துக்குக் குறைவா? ஓடாமல் நிற்கிற வண்டியில் அந்தத் தண்ணீர் சிலிண்டருக்குள்ளேயே கிடந்து துருவைக் கிளப்பும். வலதிலும் இரண்டு சிலிண்டரையும் சேர்த்து மாற்று, ஷூவும் இடதில் போட்ட அதே வகையாக இருக்கட்டும். ஆயில் டாட் 4 தரம் போதும், ஆனால் சீல் பிரிக்காத டப்பா. புதுசு கொதிப்பது 230 டிகிரியில் என்றால் ஈரம் குடித்தது 155-இலேயே கொதிக்கலாம். டாட் 5 சிலிக்கான் ஆயிலை இதோடு கலக்காதே. பெயிண்டில் சிந்தினால் உடனே தண்ணீர் ஊற்று, இல்லையென்றால் உரித்துவிடும்.

மாட்டி முடித்ததும் பெடலை அழுத்தமாக நாலு மிதி மிதி, ஷூ நடுவில் உட்காரும். அப்புறம் திரும்பவும் அட்ஜஸ்ட் செய். முதலில் காம்பவுண்டுக்குள்ளேயே ஓட்டிப் பார், ஹேண்ட் பிரேக்கும் சரியாகப் பிடிக்கட்டும். இது ஒற்றை லைன் வண்டி, நான்கு சக்கரத்துக்கும் ஒரே ஆயில் இணைப்பு. ஒரு இடத்தில் ஆயில் கசிந்தாலும் நான்கு சக்கரத்துக்கும் பிரேக் இருக்காது.

உட்லண்ட்ஸ்_மைனர்:
சரிண்ணே. சிலிண்டர் இரண்டுக்கும் இங்கிலாந்தில் ஆர்டர் போட்டாகிவிட்டது. வலது ஹோஸும் பழசுதான், அதையும் கூடவே சேர்த்தேன்.