பின்தள்ளலா, பின்னகர்த்தலா?

அன்பர்களுக்கு வணக்கம். பயணிகள் ஏறும் வாயிலில் நிற்கும் விமானத்தை டிராக்டரால் பின்னால் தள்ளி எடுப்பதுதான் 'புஷ்பேக்'. அதற்கு எதற்குத் தமிழ்ச்சொல் என்று கேட்டவருக்கு முதலில் பதில். தரையில் வேலை பார்ப்பவர்கள் விமானியோடு பேசுவது ஆங்கிலத்தில்தான், அதை யாரும் தொட வேண்டாம். சொல் தேவைப்படுவது செய்திக்கும், ஓய்வறையில் தமிழில் நடக்கும் வேலைப் பேச்சுக்கும்.

'சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்திலிருந்து புறப்பட்ட விமானம் இன்னொன்றை உரசியது' என்று ஒரு செய்தி வந்தால், ஓடுபாதையில் சீறிப் பாயும் விமானம்தான் நம் மனத்தில் வரும். உண்மையில் அது வாயிலிலிருந்து டிராக்டர் பின்னால் தள்ளும்போது, ஆள் நடக்கும் வேகத்தில் உரசியதாக இருக்கலாம். அறிவிப்புப் பலகையில் போடும் புறப்பாட்டு நேரமே வாயிலை விட்டு நகரும் நேரம்தான். வானில் ஏறுவது அப்புறம். நமக்கு இரண்டும் 'புறப்பாடு'. ஆங்கிலத்தில் இந்த இரண்டையும் கறாராகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். 1977 மார்ச் 27 அன்று ஸ்பெயினின் டெனரீஃப் தீவில், புறப்பாட்டு அனுமதி பற்றிய பேச்சில் குழப்பம் வந்து, ஓடுபாதையில் இரண்டு விமானங்கள் மோதி 583 பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகு 'டேக் ஆஃப்' என்ற சொல்லை மேலேறும் அனுமதியைக் கொடுக்கவும் ரத்து செய்யவும் மட்டுமே வைத்துக்கொண்டார்கள், மற்ற இடத்தில் 'டிபார்ச்சர்'.

சரி, சொல்லுக்கு வருவோம். 'புறந்தள்ளல்' வேண்டாம். பயணிகளைப் பொருட்படுத்தவில்லை என்று பொருள் வந்துவிடும். 'பின்னுந்து' அழகுதான், ஆனால் பேருந்து, மகிழுந்து வரிசையில் அதுவும் ஒரு வண்டி போலத் தெரிகிறது.

'பின்தள்ளல்' பலருக்குப் பிடித்திருக்கிறது. எனக்கும் ஒரு காலத்தில் பிடித்தது. சாங்கியில் சில ஆண்டுகள் ஹெட்செட் மாட்டிக்கொண்டு விமானத்தின் மூக்கோரம் நடந்தவன் நான். தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து புதிதாக வந்த ஒரு தம்பிக்கு வேலை சொல்லிக்கொடுக்கும்போது, தனித்தமிழ் ஆசையில் 'பின் தள்ளப் போறோம், தயாரா இரு' என்றேன். அவன் சட்டென்று முன்சக்கரத்தின் அருகே குனிந்தான். அவன் காதில் விழுந்தது ஆங்கிலப் 'பின்', அதாவது பைபாஸ் பின் என்ற செருகு ஊசி. முன்சக்கரத்தைத் திருப்பும் ஹைட்ராலிக் விசையை அந்தப் பின்தான் துண்டித்து வைக்கும். அது சரியாக மாட்டப்படாவிட்டால் சக்கரம் தானாகத் திரும்பி, டிராக்டரோடு இணைக்கும் இழுவைத் தண்டு பக்கவாட்டில் வீசி ஆள் காலை உடைக்கும். அதைச் சரிபார்க்கத்தான் பாவம் குனிந்தான். அன்றைக்கு டிராக்டர் இன்னும் இணைக்கப்படவில்லை, தப்பித்தோம். 'பின்' தனியாகக் காதில் விழும் எந்தச் சொல்லும் அந்த இடத்துக்கு ஆகாது.

என் பரிந்துரை 'பின்னகர்த்தல்'. பின், நகர்த்தல் இரண்டும் புணர்ந்து ஒரே மூச்சில் வருவதால் 'பின்' தனித்து நிற்காது. ஆனால் நான் இதற்கு வாதாடுவதற்குப் பெரிய காரணம் நடுவில் உள்ள 'த்'. நகர்தல் தன்வினை, நகர்த்தல் பிறவினை. விமானம் தானாகப் பின்னால் போகவே முடியாது என்பதில்லை. 1980களில் அமெரிக்காவில் சில நிறுவனங்கள் டிசி-9 போன்ற விமானங்களை, எஞ்சினின் எதிர்விசையாலேயே வாயிலிலிருந்து பின்னால் எடுத்தன. எரிபொருள் செலவு, இரைச்சல், தூசியும் கல்லும் பறப்பது என்று பல தொல்லைகள். அதற்கு வேண்டுமானால் 'பின்னகர்வு' என்று வைத்துக்கொள்ளலாம். புஷ்பேக்கில் விமானத்தை நகர்த்துவது வேறு ஆள். பின்னால் என்ன இருக்கிறது என்று விமானிக்குத் தெரியாது. ஏ380 இறக்கையின் அகலம் ஏறத்தாழ 80 மீட்டர், அதன் நுனிகளுக்கும் கீழே நிற்பவர்கள்தான் கண். பிரேக்கை விடச் சொல்வதும், நிறுத்திய பிறகு பிடிக்கச் சொல்வதும் தரையிலிருந்துதான். 'பிரேக் பிடித்தாயிற்று' என்று விமானி சொல்லிக் காதில் விழாமல் தண்டைக் கழற்றக் கூடாது. கடைசியில் சிவப்புத் துணி தொங்கும் அந்தப் பின்னை உயர்த்திக் காட்டி, விமானி பார்த்துக் கையசைத்த பிறகுதான் நம் வேலை முடியும். இத்தனையும் அந்த ஒற்றை 'த்'துக்குள் இருக்கிறது. ஆகவே அவசரத்தில் யாரும் 'பின்னகர்வு' என்று சுருக்கிவிட வேண்டாம்.

பேச்சில் 'தள்ளியாச்சு' என்பது அப்படியே இருக்கட்டும். அதை மாற்ற முயன்றால் சிரிப்பார்கள்.

இறக்கை நுனியோடு நடந்து இடைவெளி பார்ப்பவருக்கும் சொல் வேண்டும். யாரோ 'சிறகுக் காவலர்' என்றிருந்தார். கவிதைக்கு நன்று, ஆனால் விமானத்துக்கு நாம் இறக்கை என்றுதான் சொல்கிறோம். 'இறக்கைக் கண்காணிப்பாளர்' என்றால் அலுவலகப் பதவி போல இருக்கிறது. 'இறக்கையாள்' எப்படி?