கன்னத்தில் இருந்த கை: படிக்கத் திணறியவர்களும் கண்ணும், உங்கள் அனுபவம் என்ன?

கரூர் அம்மா

மூன்று வருடம் ஆகிறது, மனது இன்னும் ஆறவில்லை. அப்போது என் மகன் நான்காம் வகுப்பு. பள்ளிக் கண் முகாமில் இரண்டு கண்ணும் 6/6 என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். கணக்கில் கெட்டி. தமிழ்ப் புத்தகத்தை எடுத்தால் மட்டும் நான்கு வரிக்குள் தலைவலி, தண்ணீர்த் தாகம், கொட்டாவி. இங்கே இருப்பவர்களுக்கு அதை விளக்க வேண்டியதில்லை.

நான் சொல்ல வந்தது அந்தக் கையைப் பற்றி. புத்தகத்தைத் திறந்ததும் இடது கன்னத்தில் கை வைத்துக்கொள்வான். "கன்னத்தில் கை வைக்காதே, வீட்டுக்கு ஆகாது" என்று தட்டிவிடுவேன். தினமும் இதே கதை. ஒருநாள் ஸ்கேலால் அடித்தேன். அவன் விரல்கள் கன்னத்தைத் தாண்டி மேலேறிக் கண்ணை மூடியிருந்ததை ஒருநாளும் நான் கவனிக்கவில்லை.

பிறகு ஒரு கண் மருத்துவர் பேனா முனையை அவன் மூக்கை நோக்கி மெல்லக் கொண்டுவந்தார். ஒரு சாண் தூரம் வரை இரண்டு கண்ணும் சேர்ந்தே வந்தன. அதற்கு மேல் இடது கண் பிடியை விட்டு வெளிப்பக்கமாக நழுவியது. பக்கத்தில் நின்று என் கண்ணால் பார்த்தேன். எத்தனை பேனா தெரிகிறது என்று கேட்டார். இரண்டு என்றான். புத்தகத்தில்? "எழுத்தும் இரண்டுதான். வலது பக்கம் இருப்பது பொய் எழுத்து. கையை வைத்தால் அது போய்விடும்."

பக்கத்தில் உள்ளதைப் பார்க்க இரண்டு கண்ணும் உள்நோக்கிக் குவிய வேண்டுமாம். அது இவனுக்குக் குறைவு. பன்னிரண்டு வாரம் பயிற்சி. இப்போது கை கன்னத்துக்குப் போவதில்லை. ஸ்கேலைப் பார்த்தால் எனக்குத்தான் வயிறு கலங்குகிறது.

திருச்சியிலிருந்து

சகோதரி, உங்கள் மகன் தேறியதில் மகிழ்ச்சி. ஆனால் இதைப் படிக்கும் பெற்றோர் உடனே கண் மருத்துவமனைக்கு ஓடி, அங்கேயே நின்றுவிடக் கூடாது. நாங்கள் அப்படி நின்றவர்கள். இரண்டு வருடம் போயிற்று.

என் மகள் பாட்டிக்கு ஊசியில் நூல் கோத்துக் கொடுப்பாள். அரிசியில் கல் பொறுக்க அவளைத்தான் கூப்பிடுவோம். அப்படிப்பட்ட கண். ஆனால் முதல் வரியில் "பட்டம்" என்பதை முக்கி முக்கிப் படித்தவள், மூன்றாவது வரியில் அதே சொல் வந்ததும் அதன்முன் புதிதாக நிற்பாள். கண் பயிற்சி என்றார்கள், செய்தோம். வண்ணக் கண்ணாடி போட்டால் எழுத்து ஆடாது என்றார்கள், போட்டோம். மஞ்சள், பிறகு நீலம். எழுத்து ஆடுகிறது என்று அவள் ஒருநாளும் சொன்னதில்லை, நாங்களும் கேட்கவில்லை.

கடைசியில் ஒரு சிறப்புக் கல்வி ஆசிரியை புத்தகத்தையே திறக்கவில்லை. "கடல் என்று சொல். அதில் முதல் எழுத்தை விட்டுவிட்டுச் சொல்" என்றார். என் மகள் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒன்பது வயதுக் குழந்தை. "கல்" என்றாள். பிறகு "கட" என்றாள். எனக்கு அப்போதுதான் உறைத்தது: சிக்கல் பார்ப்பதில் இல்லை, ஒலியைப் பிரித்து எழுத்தோடு சேர்ப்பதில் இருக்கிறது. டிஸ்லெக்சியா. கண் பயிற்சியும் வண்ணக் கண்ணாடியும் இதைத் தீர்க்கும் என்பதற்குத் தக்க ஆதாரம் இல்லை என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கமும் கண் மருத்துவர் சங்கமும் 2009லேயே கூட்டாகச் சொல்லியிருக்கின்றன. எங்களுக்கு அதை யாரும் சொல்லவில்லை.

ஓய்வுபெற்ற ஆசிரியர், தஞ்சாவூர்

34 வருடம் தொடக்கப்பள்ளியில் இருந்தேன். ஒரு சிறுமி புத்தகத்தைக் கை நீட்டித் தூரப் பிடித்துப் படிப்பாள். "வெள்ளெழுத்து விழுந்த கிழவியா நீ?" என்று கேட்டுவிட்டேன், வகுப்பே சிரித்தது. மறு வருடம் தூரப்பார்வைக்கு, அதாவது கிட்டத்தில் உள்ளது தெளியாத குறைக்கு, கண்ணாடி போட்டு வந்தாள். என்னைப் பார்த்ததும் அதைக் கழற்றிப் பாவாடைக்குள் மறைத்துக்கொண்டாள்.

நீங்கள் இருவருமே பாதி உண்மையைச் சொல்கிறீர்கள். முகாமில் 6/6 என்றால் ஆறு மீட்டர் தூரத்துப் பலகை தெரிகிறது என்றுதான் பொருள். புத்தகம் ஒரு முழ தூரத்தில் இருக்கிறது. தூரப்பார்வைக் குழந்தை கண்ணை இறுக்கிப் பலகையைப் படித்துவிடும்; புத்தகத்தில் ஒரு பக்கம் தாண்டுவதற்குள் களைத்துவிடும். எனவே சொட்டு மருந்து விட்டுப் பவர் பார்க்கச் சொல்லுங்கள். கிட்டத்தில் கண் குவிகிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். எழுத்து இரண்டாகத் தெரிகிறதா, மங்குகிறதா, வரி தாவுகிறதா என்று குழந்தையிடமே கேளுங்கள்.

கரூர் அம்மா, கண் பயிற்சி கண்ணைத்தான் சரிசெய்யும். 2019இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வில் 9 முதல் 14 வயதுப் பிள்ளைகளுக்கு 16 வாரம் பயிற்சி கொடுத்துப் பார்த்தார்கள். கண் குவிவது நன்றாகவே தேறியது. ஆனால் படித்துப் புரிந்துகொள்வதில், ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக வெறும் பாவனைப் பயிற்சி பெற்ற பிள்ளைகளைவிட அவர்கள் முன்னேறவில்லை. ஆகவே வாசிப்பைத் தனியாகச் சோதிக்க வேண்டும்.

திருச்சிச் சகோதரி, கண்ணில் குறையில்லாமல் படிக்க முடியாத பிள்ளையைப் பற்றி 1896லேயே பிரிங்கிள் மார்கன் என்ற ஆங்கிலேய மருத்துவர் எழுதினார். பதினான்கு வயதுப் பையன். பாடம் முழுவதும் வாய்மொழியாக நடந்தால் பள்ளியிலேயே கெட்டிக்காரன் இவன்தான் என்றாராம் அவனுடைய ஆசிரியர். நம் 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் கற்றல் குறைபாடும் சேர்ந்திருக்கிறது. சான்றிதழுக்கு இப்போதே அலையத் தொடங்குங்கள், பத்தாம் வகுப்பு வரை தள்ளிப்போடாதீர்கள். தினம் இருபது நிமிடம் நீங்களே வாசித்துக் காட்டுங்கள். சொல்லைக் கைதட்டிப் பிரித்து விளையாடுங்கள். ல, ள, ழ மூன்றையும் ஒரே நாளில் சொல்லித்தராதீர்கள்.

திருச்சியிலிருந்து

ஐயா, இவை எல்லாம் செய்துகொண்டுதான் இருக்கிறோம். நான் வழி கேட்டு எழுதவில்லை. அந்த இரண்டு வருடத்தைச் சொல்லத்தான் வந்தேன். உங்கள் மாணவி கண்ணாடியை மறைத்தாளே, அதன் பிறகு அவளிடம் பேசினீர்களா?

சிவகாசி

இங்கே எல்லோரும் பிள்ளைகளைப் பற்றி எழுதுகிறீர்கள். என்னுடையது அப்பாவைப் பற்றி. அச்சுக்கோர்ப்பவர். ஈய எழுத்தைத் தலைகீழாக, இடவலம் மாறிப் படித்தே முடி நரைத்த மனிதர்.

பக்கவாதம் வந்து மூன்றாம் நாள், மருத்துவர் காகிதம் கொடுத்துப் பெயர் எழுதச் சொன்னார். மணி மணியாக எழுதினார். ஊர், தெரு, ஒரு திருக்குறள் கூட எழுதினார். மருத்துவர் காகிதத்தை ஒரு நிமிடம் மறைத்துவைத்துவிட்டு, திரும்ப நீட்டிப் படிக்கச் சொன்னார். அப்பா அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "இது யார் எழுதியது?" என்று கேட்டார்.

இரண்டு கண்ணிலும் வலப்பக்கப் பார்வை போயிருந்தது. அது மட்டும் என்றால் தலையைத் திருப்பிச் சமாளித்திருப்பார். பார்த்ததை எழுத்தாக அறியும் வழி மூளையில் அறுந்துவிட்டது, எழுதும் வழி தப்பிவிட்டது என்று மருத்துவர் சொன்னார். 1892இலேயே பிரான்சில் தெஜெரின் என்ற மருத்துவர் இதை விவரித்திருக்கிறாராம். எங்கள் வீட்டில் மூன்று மாதம் கண் பவர்தான் மாறிவிட்டது என்று சொந்தக்காரர்கள் ஆளுக்கொரு கண்ணாடி சொன்னார்கள். திருச்சிச் சகோதரி சொல்வது எனக்குப் புரிகிறது.

ஒரு நாள் காலை பேப்பரை மடியில் வைத்துக்கொண்டு தலைப்பு எழுத்தின்மேல் ஆள்காட்டி விரலை ஓட்டிக்கொண்டிருந்தார். விளையாடுகிறார் என்று நினைத்தேன். இறங்கி, வலப்பக்கம் ஓடி, மேலேறி வளைந்து, விரல் நின்றது. "ம" என்றார். அடுத்திருந்த ஐகாரக் கொம்பில் விரல் வெகுநேரம் சுற்றியது. அதற்கடுத்த எழுத்தில் கீழே இறங்கி இடப்பக்கம் வளைந்தபோது முகம் மாறியது. "ழ." பிறகு அடுத்ததற்குக் காத்திருக்காமல், "மழையா?" என்று கேட்டார்.

ஆமாம் அப்பா, மழை என்றேன்.