யூஎஸ்டிடியில் (டாலர் மதிப்போடு கட்டிய கிரிப்டோ) பணம் தருகிறேன் என்கிறார் வாங்குபவர், என்ன செய்வது?

பனியன்கணக்கு:
திருப்பூரில் ஒரு ஏற்றுமதி கம்பெனியின் நிதிப் பொறுப்பு என்னிடம். 2 லட்சம் டாலர் பில், 90 நாள் கெடு. போன முறை "டாலர் ரேட் ஏறும், பொறு" என்றார் முதலாளி. 40 பைசா இறங்கியது. 80,000 ரூபாய் போச்சு. திட்டு என்னவோ எனக்குத்தான். இந்த முறை வாங்குபவர் யூஎஸ்டிடியில் அனுப்புகிறாராம். வாங்கலாமா?

நூல்மில்கோவை:
வேண்டாம் சார். டாலர் வங்கி வழியாக வந்தால்தான் ஷிப்பிங் பில் (சுங்கத்தில் காட்டிய ஏற்றுமதிக் கணக்கு) முடியும், பணம் வந்ததற்கான இ-பிஆர்சி சான்றிதழ் கிடைக்கும். பில்லில் பாதிக்கு மேல் ஃபார்வர்டில் பூட்டுங்கள், அதாவது பிறகு வரும் டாலருக்கு இன்றே வங்கியோடு ரேட் பேசிவிடுங்கள். பெரும்பாலும் பிரீமியமும், அதாவது இன்றைய ரேட்டுக்கு மேல் வரும் கூடுதலும், நமக்கே சேரும். சாயம், ஜிப் இறக்குமதி உண்டா? இஇஎஃப்சி கணக்கில் (ஏற்றுமதியாளருக்கான வெளிநாட்டு நாணயக் கணக்கு) டாலராகவே வைத்து அதிலிருந்து கட்டிவிடலாம்.

பனியன்கணக்கு:
ஜிப் சீனாவிலிருந்து வருகிறது, இது தோணவே இல்லை! சரி, ரிசர்வ் வங்கியின் டிஜிட்டல் ரூபாய்?

பழையவங்கியாள்:
அதுவும் ரூபாய்தானே, டாலர் ரேட் ரிஸ்க் அப்படியே இருக்கும். அப்புறம், முழு பில்லையும் பூட்டாதீர்கள். சரக்கு தாமதமானால் ஃபார்வர்டை கேன்சல் செய்யும் செலவு உங்கள் தலையில். சாயப்பட்டறை சொன்ன தேதிக்கு என்றைக்குத் துணி கொடுத்தது?

பனியன்கணக்கு:
அதைச் சொல்லுங்க!