ஆறு சிஸ்டத்துக்கும் ஒரே ஆட்டோகேட் செட்டிங்: சிடிபி, டெம்ப்ளேட், ஃபான்ட் எல்லாம் எங்கே வைப்பது?

அரசலாறு (கும்பகோணம்)

வணக்கம். ஆறு சிஸ்டம் உள்ள டிராயிங் ஆபீஸ். பெரும்பாலும் வாய்க்கால் வேலைதான்: நீளவாக்கு வெட்டுப்படமான எல்-செக்‌ஷன், கிராஸ் செக்‌ஷன், மதகு, ரெகுலேட்டர் டீட்டெயில். நான்கு சிஸ்டத்தில் ஆட்டோகேட் 2022, இரண்டில் அதன் சுருக்கப் பதிப்பான எல்டி 2024.

ஒரே டிராயிங்கை இரண்டு சிஸ்டத்தில் பிளாட் போட்டால் கோட்டுத் தடிமன் மாறுகிறது. ஒன்றில் ஆட்டோகேடுக்கே உரிய எஸ்எச்எக்ஸ் ஃபான்ட் இல்லை என்கிறது. எல்-செக்‌ஷனுக்காக 36 அங்குல ரோலில் உருவாக்கிய நீளத் தாள் அளவு, உருவாக்கிய சிஸ்டத்தைத் தவிர வேறு எதிலும் தெரிவதில்லை. நாஸ் (நெட்வொர்க்கில் எல்லாரும் பகிரும் சேமிப்புப் பெட்டி) ஒன்று இருக்கிறது. எல்லாவற்றையும் அதில் போட்டு ஆறு பேரும் அங்கிருந்தே எடுக்கும்படி வைக்கலாமா? கரன்ட் அடிக்கடி போகும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

கல்லணை_கேட் (தஞ்சாவூர்)

எல்லாவற்றையும் போடாதீர்கள் சார். ஆபீஸுக்குப் பொதுவானது வேறு, ஆளுக்கு ஆள் மாறுவது வேறு.

பொதுவில் வைக்க வேண்டியவை: டெம்ப்ளேட் (டிடபிள்யூடி), சிடிபி (நிறத்துக்கேற்ற கோட்டுத் தடிமன்), பிசி3 (பிளாட்டர் அமைப்பு), அதோடு பிஎம்பி (நாமாக உருவாக்கும் தாள் அளவு), எஸ்எச்எக்ஸ் ஃபான்ட், லைன்டைப், ஹேட்ச் பேட்டர்ன், டைட்டில் பிளாக், பொது லிஸ்ப் (ஆட்டோகேடுக்குள் ஓடும் சிறு நிரல்). அவரவர் சிஸ்டத்திலேயே இருக்க வேண்டியவை: மெயின் சியூஐஎக்ஸ் (மெனு, டூல்பார் அமைப்பு), புரொஃபைல், ஆட்டோசேவ் ஃபோல்டர். மெயின் சியூஐஎக்ஸை ஆறு பேர் ஒரே ஃபைலாகப் பகிர்ந்தால், ஒருவர் டூல்பாரை நகர்த்தினால் மற்றவர் திரையும் கலையும். வெர்ஷன் வேறு வேறாக இருப்பதால் சியூஐஎக்ஸும் புரொஃபைலும் தாவாது. எல்டியில் புரொஃபைல் டேபே கிடையாது. ஆறு சிஸ்டத்துக்கு ஆப்ஷன்ஸில் போய் ஒருமுறை கையால் பாதை கொடுத்துவிடுவதே சுலபம்.

ஆப்ஷன்ஸ், ஃபைல்ஸ் டேபில் மாற்ற வேண்டிய இடங்கள்: சப்போர்ட் ஃபைல் சர்ச் பாத்; பிரின்டர் சப்போர்ட் பகுதியில் கான்ஃபிகரேஷன், டிஸ்கிரிப்ஷன், பிளாட் ஸ்டைல் என்ற மூன்று பாதைகள்; டெம்ப்ளேட் பகுதியில் ஃபோல்டரும் க்யூநியூ (புது டிராயிங் தொடங்கும் கட்டளை) ஃபைலும்; கடைசியாக டிரஸ்டட் லொகேஷன்ஸ். சப்போர்ட் பாதையில் ஆபீஸ் ஃபோல்டர் மேலே இருக்க வேண்டும். ஆட்டோகேட் மேலிருந்து கீழாகத் தேடி முதலில் கிடைப்பதை எடுத்துக்கொள்ளும். கீழே அதே பெயரில் இன்னொன்று இருந்தால் அது கண்ணிலேயே படாது. அகாட்.பிஜிபி (கட்டளைச் சுருக்கங்கள்), அகாட்டாக்.லிஸ்ப் (டிராயிங் திறக்கும்போது தானே ஓடும் நிரல்) இரண்டுக்கும் இதே கதைதான்.

நீளத் தாள் தெரியாததற்குக் காரணம் பிஎம்பி. நாமாக உருவாக்கும் தாள் அளவு பிசி3-க்குள் இருப்பதில்லை, பிஎம்பியில் இருக்கிறது. பிசி3-ல் அதற்கான இணைப்பு மட்டும்தான். பிசி3-ஐ மட்டும் பென்டிரைவில் கொண்டுபோனால் தாள் வராது. இரண்டையும் பொது ஃபோல்டரில் வைத்துவிட்டு, பிளாட்டர் கான்ஃபிகரேஷன் எடிட்டரில் பிஎம்பியை மறுபடி அட்டாச் செய்து சேமியுங்கள். ஆறு சிஸ்டத்திலும் விண்டோஸில் பிளாட்டரின் பெயர் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் பிசி3 பிளாட்டரைக் கண்டுபிடிக்காது. பாதையை மாற்றியதும் ஆட்டோகேடோடு வரும் பிடிஎஃப் பிசி3 காணாமல் போகும். பழைய ஃபோல்டரிலிருந்து அதையும் காப்பி எடுத்து வையுங்கள்.

சிடிபியை ஏனோதானோ என்று விடக்கூடாது. நம் பக்கம் நிலம் தட்டை. எல்-செக்‌ஷனைக் கிடையில் 1:2000, உயரத்தில் 1:100 என்று போடுகிறோம். 1:100-ல் தாளில் 0.5 மி.மீ. கோடு என்றால் மட்டத்தில் 5 செ.மீ. பழைய அடிமட்டத்துக்கும் புது அடிமட்டத்துக்கும் 10 செ.மீ. வித்தியாசம் உள்ள இடத்தில் இரண்டும் 0.5-ல் விழுந்தால் நடுவில் உள்ள இடைவெளி பாதியாகிவிடும், தூர்வாரும் அளவு கண்ணுக்கே தெரியாது. தரைமட்டம் 0.18, புது அடிமட்டம் 0.25, கரை 0.25, சட்டம் 0.5 போதும். சிடிபியை ஒருவர் மட்டும் திருத்தட்டும், மற்ற ஐந்து பேருக்கும் ரீட் ஒன்லி.

வெட்டாறு_நெட் (திருவாரூர்)

பட்டியல் சரிதான். ஆனால் பாதையை நேராக நாஸுக்குக் கொடுத்தால் கரன்ட் போகும் ஊரில் அவஸ்தை. யூபிஎஸ்ஸில் சிஸ்டம் ஓடிக்கொண்டிருக்கும், நாஸோ ஸ்விட்ச்சோ அணைந்திருக்கும். சப்போர்ட் பாதையில் எட்டாத ஒரு ஃபோல்டர் இருந்தால், ஏதாவது ஃபைலைத் தேடும்போதெல்லாம் விண்டோஸ் பதிலுக்காகக் காத்திருக்கும். ஆட்டோகேட் திறக்கவே நேரமாகும், ஹேட்ச் போட்டால் நிற்கும், ஓப்பன் டயலாக் உறையும். ஆட்டோகேட் கெட்டுவிட்டது என்று ரீஇன்ஸ்டால் வரை போவார்கள்.

அதனால் மூலம் நாஸில், பயன்பாடு சி டிரைவில். ஒவ்வொரு சிஸ்டத்திலும் சி டிரைவில் ஒரே பெயரில் ஒரு ஃபோல்டர் (பெயரில் இடைவெளி வேண்டாம், தமிழ் எழுத்தும் வேண்டாம்). ஆட்டோகேட் பாதைகள் எல்லாம் அங்கே. லாக்இன் ஆகும்போது டாஸ்க் ஷெட்யூலர் வழியாக விண்டோஸின் காப்பிக் கருவியான ரோபோகாப்பி ஓடி நாஸிலிருந்து அதற்குப் பிரதி எடுக்கட்டும். நாஸ் அணைந்திருந்தால் நேற்றைய பிரதியோடு வேலை நடக்கும்.

ரோபோகாப்பியில் இரண்டு விஷயம். ஆர், டபிள்யூ சுவிட்சுகளுக்கு 1 கொடுங்கள். கொடுக்காவிட்டால் காப்பி ஆகாத ஒரு ஃபைலுக்கு 10 லட்சம் முறை, ஒவ்வொரு முறைக்கும் 30 வினாடி காத்து முயலும், அதுதான் டீஃபால்ட். அடுத்தது எம்ஐஆர் சுவிட்ச்: மூலத்தில் இல்லாததை இலக்கில் அழித்துவிடும். பழைய சிடிபிகள் ஒழிய அது நல்லதுதான். ஆனால் இலக்கைத் தவறுதலாக புராஜெக்ட் ஃபோல்டருக்குக் கொடுத்தால் அவ்வளவுதான், துடைத்துவிடும். முதலில் எல் சுவிட்சோடு ஓட்டினால் என்ன செய்யப்போகிறது என்று பட்டியல் மட்டும் காட்டும்.

புராஜெக்ட் டிராயிங்குகள் மட்டும் நாஸிலேயே இருக்கட்டும், அதற்கு யூபிஎஸ் கட்டாயம். கரன்ட் போய் வந்தபின் டிராயிங்கை வேறொருவர் திறந்திருப்பதாகச் சொன்னால், பக்கத்தில் டிடபிள்யூஎல், டிடபிள்யூஎல்2 என்ற பூட்டு ஃபைல்கள் தங்கியிருக்கும். நிஜமாகவே யாரும் திறந்திருக்கவில்லை என்று கேட்டுவிட்டு அழியுங்கள்.

எக்ஸ்ரெஃப் (டிராயிங்கோடு இணைக்கும் வேறு டிராயிங்) எல்லாம் ரிலேட்டிவ் பாத். அதற்கான ரெஃப்பாத்டைப் என்ற செட்டிங் 1. ஒருவர் இசட் டிரைவ், இன்னொருவர் ஒய் டிரைவ் என்று மேப் செய்திருந்தாலும் அப்போது உடையாது.

குடமுருட்டி

ஒரு எச்சரிக்கை. டிரஸ்டட் லொகேஷன்ஸில் சி டிரைவின் அந்த ஸ்டாண்டர்ட் ஃபோல்டரை மட்டும் சேருங்கள். பாதையின் முடிவில் மூன்று புள்ளி வைத்தால் உள்ஃபோல்டர்களும் நம்பகமாகிவிடும். புராஜெக்ட் ஃபோல்டருக்கு அதை ஒருபோதும் செய்யாதீர்கள். வெளியிலிருந்து வரும் சர்வே டிராயிங்கோடு அகாட்டாக்.லிஸ்ப் அல்லது அகாட்.ஃபாஸ் என்று ஒரு ஃபைல் ஒட்டிக்கொண்டு வந்தால் அது வைரஸ் என்றே எடுத்துக்கொள்ளலாம். டிராயிங் இருக்கும் ஃபோல்டரிலிருந்து தானே லோடாகி, ஃபோல்டர் ஃபோல்டராகத் தன்னைப் பிரதி எடுக்கும். நிரல் லோடாவதைக் கட்டுப்படுத்தும் செக்யூர்லோட் செட்டிங் 1-க்குக் கீழே இறங்கக்கூடாது, டிராயிங் ஃபோல்டரில் நிரலைத் தேடுவதைத் தீர்மானிக்கும் லெகசிகோட்சர்ச் 0. பொது லிஸ்ப் ஃபோல்டர் ரீட் ஒன்லியாக இருக்க வேண்டியதும் இதற்காகத்தான்: நம்பகமான ஃபோல்டரில் எல்லாரும் எழுதலாம் என்றால், பூட்டிவிட்டுச் சாவியை வாசலில் மாட்டியது போல.

பூம்புகார்_சர்வே

டெம்ப்ளேட்டுக்குள் என்ன இருக்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. பாதி சண்டை அங்கேதான்.

டிராயிங்கின் அலகைச் சொல்லும் இன்ஸ்யூனிட்ஸ் 6 (மீட்டர்), மெஷர்மென்ட் 1 (மெட்ரிக்), பிஎஸ்எல்டிஸ்கேல் 1 (வியூபோர்ட் ஸ்கேல் எதுவானாலும் லைன்டைப் தாளில் ஒரே அளவு). ஷட்டர் டீட்டெயிலை மில்லிமீட்டரில் வரைபவர்களுக்குத் தனி டெம்ப்ளேட், அதில் இன்ஸ்யூனிட்ஸ் 4. இரண்டும் சரியாக இருந்தால் டீட்டெயிலை பிளாக்காக வைக்கும்போது தானே ஆயிரத்தில் ஒன்றாகச் சுருங்கும். ஒன்று 0 என்று கிடந்தால், அந்த சிஸ்டத்தின் டீஃபால்ட் யூனிட் என்னவோ அதன்படி நடக்கும், சிஸ்டத்துக்கு சிஸ்டம் வேறு அளவில் விழும்.

கோஆர்டினேட். நம் டெல்டா யூடிஎம் (மீட்டரில் அளக்கும் உலக வரைபடக் கட்டம்) 44 வடக்கு மண்டலத்தில் வருகிறது. தஞ்சாவூரில் ஈஸ்டிங் மூன்று லட்சத்தை ஒட்டியும் நார்த்திங் பன்னிரண்டு லட்சத்தை ஒட்டியும் இருக்கும். எண் பெரிது என்று யாராவது முழு சர்வேயையும் மூவ் போட்டு 0,0-க்குக் கொண்டுவந்தால், மறுநாள் எக்ஸ்ரெஃப் எதுவும் பொருந்தாது. வாய்க்காலைத் தாளில் கிடையாக வைக்க வேண்டுமென்றால் யூசிஎஸ்ஸை (எக்ஸ், ஒய் அச்சுகளை) மட்டும் திருப்பி பிளான் கட்டளை கொடுங்கள், டிராயிங்கைத் திருப்பாதீர்கள்.

டோட்டல் ஸ்டேஷன் (தரையில் அளக்கும் சர்வே கருவி) தூரத்தையும் ஜிபிஎஸ் கிரிட் (யூடிஎம் கட்டத்தின்படி வரும்) தூரத்தையும் ஒரே டிராயிங்கில் கலப்பவர்களுக்கு: கும்பகோணத்தில் வித்தியாசம் கிட்டத்தட்ட இல்லை. நாகப்பட்டினம் பக்கம் கிரிட் தூரம் கிலோமீட்டருக்குச் சுமார் 20 செ.மீ. குறையும், திருச்சியில் 35 செ.மீ.க்கு மேல் கூடும். கல்லணையிலிருந்து கடல் வரை ஒரே செயினேஜ் (தொடக்கத்திலிருந்து எண்ணும் தூரம்) என்றால் எதில் அளந்தது என்று டைட்டில் பிளாக்கில் ஒரு வரி இருக்கட்டும்.

அரசலாறு (கும்பகோணம்)

எல்லாருக்கும் நன்றி. சி டிரைவ் பிரதி முறையிலேயே போகிறேன். இன்னும் இரண்டு சந்தேகம். எல்டியில் பொது லிஸ்ப் ஓடுமா? பழைய டிராயிங்குகளில் கிராமப் பெயர்கள் பாமினி என்ற பழைய தமிழ் ஃபான்ட்டில் இருக்கின்றன. ஃபான்ட்டைப் பொது ஃபோல்டரில் போட்டும் ஆங்கில எழுத்தாகத்தான் தெரிகிறது.

கல்லணை_கேட் (தஞ்சாவூர்)

எல்டி 2024-லிருந்து லிஸ்ப் ஓடும், அதற்கு முந்தைய எல்டியில் ஓடாது. சிறிய லிஸ்ப் என்றால் பிரச்சினை இல்லை. ஆனால் முழு ஆட்டோகேடில் மட்டும் உள்ள கட்டளையை உள்ளே அழைத்திருந்தால் அந்த வரியில் நின்றுவிடும். இரண்டு எல்டியிலும் ஒவ்வொரு கட்டளையாக ஓட்டிப் பார்த்துவிட்டுப் பொதுவில் போடுங்கள்.

பாமினி டிடிஎஃப் (விண்டோஸ் ஃபான்ட்) வகை. எஸ்எச்எக்ஸ் மட்டும்தான் சப்போர்ட் பாதையிலிருந்து வரும். டிடிஎஃப் விண்டோஸில் இன்ஸ்டால் ஆகியிருக்க வேண்டும். ஃபைலை ரைட் கிளிக் செய்து "எல்லா யூசருக்கும்" என்பதைத் தேர்ந்தெடுங்கள். வெறும் இன்ஸ்டால் என்றால் அந்த யூசரின் ஃபோல்டரில் போய் உட்காரும், ஆட்டோகேட் அதை எடுக்காமல் போகலாம். முடிந்ததும் ஆட்டோகேடை மூடித் திறக்க வேண்டும். புது டெம்ப்ளேட்டில் பாமினி வேண்டாம், லதா அல்லது நிர்மலா யூஐ வைத்து யூனிகோடில் எழுதுங்கள். பழைய எழுத்தின் ஸ்டைலை மட்டும் லதாவுக்கு மாற்றினால் தமிழ் வராது. பாமினியில் உள்ளே கிடப்பது ஆங்கில எழுத்துக் குறிகள்தான், கன்வெர்ட்டரில் போட்டு எடுத்துத்தான் ஒட்ட வேண்டும்.